உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் கல்வி வேண்டும்

"படிச்சா எல்லாம் மாறிடும்." தமிழ்நாட்டில் எந்த மேடையிலும் எதிர்ப்பில்லாமல் சொல்லக்கூடிய வாக்கியம் இது. சாதியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இதைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். நாமும் நிறையவே படித்துவிட்டோம். ஒன்றிய அரசின் 2021-22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 47 விழுக்காடு. இந்திய அளவில் அது 28.4தான். படிப்பால் சாதி தானாகப் போய்விடும் என்றால், முதலில் போயிருக்க வேண்டிய மாநிலம் இதுதான்.

ஆனால் நடப்பது என்ன? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியலின மாணவரையும், தடுக்க வந்த அவருடைய தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூலிப்படையினர் இல்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று அந்த மாணவர் பள்ளியில் புகார் சொன்னதுதான் காரணம். 2025 ஜூலையில் திருநெல்வேலியில் பட்டியலின மென்பொருள் பொறியாளர் ஒருவர் ஆணவப்படுகொலை செய்யப்பட்டார். குற்றம் சாட்டப்பட்ட இளைஞரின் தாய், தந்தை இருவருமே காவல்துறை உதவி ஆய்வாளர்கள். இந்த இரண்டு கொடுமைகளிலும் பள்ளிக்கூடத்தைப் பார்க்காதவர் என்று யாரைச் சொல்வது?

நான் பி.எட். படிக்கிறேன். படிப்பை முடித்துவிட்டு ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதக் காத்திருக்கிறேன். கல்வியின் நோக்கம் என்ன என்ற கேள்வி எனக்குத் தேர்வுத்தாளில் வரும் பத்து மதிப்பெண் கேள்வி மட்டுமில்லை. நாளைக்கு நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கப் போகிறேன். எதற்காக நிற்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறப்பால் நான் இடைநிலைச் சாதியைச் சேர்ந்தவர். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. என் தாத்தா கைநாட்டு. அவருக்கு அடுத்த தலைமுறையில் ஒரு வங்கி மேலாளர், ஒரு வழக்கறிஞர், இரண்டு ஆசிரியர்கள். தாத்தா காலத்து டீக்கடையில் சேரி ஆட்களுக்குத் தனிக்குவளை இருந்தது. பட்டதாரிகளின் காலத்தில் குவளை போய்விட்டது. சாதிச் சங்கத்து வாட்ஸ்அப் குழு வந்திருக்கிறது. "நம்மாளுங்க மட்டும்" என்று வரன் தேடும் விளம்பரம் வந்திருக்கிறது. படிப்பு எங்கள் வீட்டுச் சாதியை ஒழிக்கவில்லை. அதற்கு நல்ல சட்டை மாட்டிவிட்டிருக்கிறது.

ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை படித்து மேலே வரவேண்டும் என்றுதான் நாம் எப்போதும் பேசுகிறோம். அது வரவேண்டியதுதான், அதற்கான இடஒதுக்கீடு, உதவித்தொகை, விடுதி ஒவ்வொன்றையும் விட்டுக்கொடுக்காமல் காக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் சாதிப் பிள்ளை என்ன படிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கணக்கும் அறிவியலும் படித்தால் போதும், மற்றது வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டோம். வீட்டில் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். கையில் கயிறு கட்டி அனுப்புகிறார்கள். 2019இல் அந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் அன்றைய அமைச்சரே அதிலிருந்து பின்வாங்கினார்.

பி.எட். வகுப்பில் ஜான் டூயியின் பெயரைக் கேட்காமல் யாரும் தேர்வு எழுத முடியாது. பள்ளி என்பது ஒரு சிறு சமூகம், சனநாயகத்தை அங்கே வாழ்ந்து பழக வேண்டும் என்றவர் என்று குறிப்பெடுத்துக்கொள்கிறோம். அந்த டூயியிடம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்டவர் அண்ணல் அம்பேத்கர். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் தன் ஆசிரியர் என்று நன்றியோடு அவரைக் குறிப்பிட்டவர். டூயியை அம்பேத்கரிலிருந்து பிரித்துப் படித்தால், சனநாயகம் என்பது மாணவர் தலைவர் தேர்தல் நடத்துவது என்ற அளவில் நின்றுவிடும். அம்பேத்கரோடு சேர்த்துப் படித்தால் கேள்வி நேராக வரும்: இந்த வகுப்பில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? யார் தண்ணீர் எடுத்து வருகிறார்கள்? யார் பெருக்குகிறார்கள்?

அவர் சிறுவனாக இருந்தபோது வகுப்பில் தனியாக ஒரு சாக்குத்துணியில் உட்கார வேண்டியிருந்தது. பள்ளிப் பணியாள் அதைத் தொடமாட்டார் என்பதால் மாலையில் வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தாலும் குழாயைத் தொட முடியாது. பணியாள் வந்து திறந்தால்தான் தண்ணீர். இதை அவரே எழுதியிருக்கிறார். படிக்கும்போது நமக்கு அந்தச் சிறுவன் மட்டும்தான் கண்ணில் படுகிறான். அதே வகுப்பில் மற்ற சிறுவர்களும் இருந்தார்கள். சாக்குத்துணியைத் தினமும் பார்த்தார்கள். ஆசிரியர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாததையும் பார்த்தார்கள். அவர்களுக்கு அன்றாடம் நடந்த பாடம் அது.

இன்றைக்குச் சாக்குத்துணி இல்லை. கற்பித்தல் பயிற்சிக்காக நான் போயிருந்த பள்ளியில் எட்டாம் வகுப்பு. ஒரு நாள் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது வகுப்பாசிரியை கையில் தாளோடு வந்தார். "எஸ்.சி. பிள்ளைங்க மட்டும் எந்திரிங்க. யாரெல்லாம் இன்னும் பாஸ்புக் ஜெராக்ஸ் தரல?" என்றார். பதினோரு பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அந்த அம்மா கெட்டவர் இல்லை. உதவித்தொகை ஒரு பிள்ளைக்குக்கூட விட்டுப்போகக் கூடாது என்று அலைந்தவர். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் எழுந்து நின்ற பிள்ளைகள் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இன்னொன்றைக் கற்றுக்கொண்டார்கள். யார் யார் என்று தெரிந்துகொண்டார்கள். "கவர்மெண்டு இவங்களுக்குத்தான் எல்லாம் குடுக்குது" என்ற வீட்டுப்பேச்சுக்கு வகுப்பிலேயே சாட்சி கிடைத்தது. அன்றைய என் பாடக்குறிப்பில் பொது நோக்கம், சிறப்பு நோக்கம் எல்லாம் எழுதியிருந்தேன். அன்று பிள்ளைகள் மறக்காமல் கொண்டுபோன பாடம் அதில் எங்கேயும் இல்லை.

2022 இறுதியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பகுதியில், பட்டியலினப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்த புகாரில் ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம்தான் பள்ளி. மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழக வேண்டும். பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி எதிர்த்தார். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. சட்டத்தில் ஒழிந்த குலக்கல்வி, துடைப்பத்தை யார் கையில் கொடுப்பது என்று ஆசிரியர் முடிவெடுக்கும் இடத்தில் இன்னும் ஒளிந்திருக்கிறது.

அதனால்தான் ஆசிரியர் யார் என்ற கேள்வியை ஜோதிராவ் புலே அன்றைக்கே எழுப்பினார். 1882இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் அவர் கொடுத்த அறிக்கையில், உழைக்கும் மக்களின் வரிப்பணம் மேல்சாதியாரின் உயர்கல்விக்குப் போகிறது என்று குற்றம் சாட்டினார். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் உழவர் குடிகளிலிருந்து வரவேண்டும், ஏர் பிடிக்கக் கூச்சப்படாதவர்களாக, எளிய மக்களோடு கலந்து பழகுகிறவர்களாக இருக்க வேண்டும் என்றார். புலே இணையர் நடத்திய பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே, 1855இல் மகர், மாங் மக்களின் துயரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வேதம் தங்களுக்கே சொந்தம் என்று பார்ப்பனர்கள் சொன்னால், எங்களுக்கு எது மதம் என்று கேட்டார். மதிப்பெண்ணோ வேலையோ அந்தக் கல்வியின் அளவுகோலாக இருக்கவில்லை. சில ஆண்டுப் படிப்பு ஒரு சிறுமியைக் கேட்கவைத்தது.

கல்வியின் நோக்கம் பற்றி நான் நம்புவது இதுதான். தன்னைக் கீழே வைத்திருப்பது நியாயமில்லை என்று ஒரு பிள்ளைக்குத் தெரிய வேண்டும். தான் மேலே உட்கார்ந்திருப்பதும் நியாயமில்லை என்று இன்னொரு பிள்ளைக்குத் தெரிய வேண்டும். முதல் பாடத்தை இயக்கங்களும் சேரியின் இரவுப் பள்ளிகளும் நடத்தியிருக்கின்றன. இரண்டாவது பாடத்தை என் தெருவில் யாரும் நடத்தமாட்டார்கள். அதற்கு வகுப்பறையை விட்டால் வேறு இடமில்லை. ஊரும் சேரியும் ஒரே பலகையில் உட்காரும் இடம் பல கிராமங்களில் அது ஒன்றுதான்.

"சின்னப் பிள்ளைங்ககிட்ட சாதியப் பேசினா, தெரியாததும் தெரிஞ்சிடும்" என்று மூத்த ஆசிரியர்கள் சொல்கிறார்கள். தெரியாத பிள்ளை எங்கே இருக்கிறது? சைக்கிளில் எந்த நிறம் அடிக்கலாம், எந்தத் தெருவில் மணி அடிக்காமல் போகவேண்டும் என்று ஐந்தாம் வகுப்பிலேயே தெரிந்திருக்கிறது. தெரியாததுபோல் இருப்பவர் ஆசிரியர் மட்டும்தான்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, அகரவரிசையில் உட்கார வைக்க வேண்டும், உதவித்தொகை விவரத்தைத் தலைமையாசிரியர் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும், கயிறு, பொட்டு, மோதிர அடையாளங்கள் கூடாது என்று அது பரிந்துரைத்தது. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது சமூக நீதியில் அவருடைய மனப்பான்மை என்ன என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிப் பரிந்துரைதான். தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்களில் குழந்தை மேம்பாட்டுக்கும் கற்பித்தல் முறைக்கும் 30 மதிப்பெண். பியாஜேயையும் வைகாட்ஸ்கியையும் மனப்பாடம் செய்து அந்த முப்பதையும் வாங்கிவிடலாம். வாங்கிய மறுநாளே சாதிச் சங்கக் கூட்டத்தில் பரிசும் வாங்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆசிரியராகப் போகிற என்னைக் கேளுங்கள் என்கிறேன். தேர்வில் கேளுங்கள், நேர்காணலில் கேளுங்கள், பணியில் சேர்ந்த பிறகும் ஆண்டுதோறும் கேளுங்கள்.

வேலை கிடைத்துப் போகும் ஊரில், வாடகைக்கு வீடு கேட்டால் என் சாதியைக் கேட்பார்கள். சொன்னால் வீடு உடனே கிடைக்கும். "நம்ம டீச்சர்" என்று கூப்பிடுவார்கள். வகுப்பில் எல்லாரையும் கலந்து உட்கார வைத்து, கயிற்றைக் கழற்றச் சொன்னால், அதே ஆட்கள் தலைமையாசிரியர் அறைக்கு வருவார்கள். அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் நிற்க ஓர் அரசாணை வேண்டும், துறை வேண்டும், ஆசிரியர் சங்கம் வேண்டும். ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் தெருவுக்கு வரும் நம் சங்கங்கள், இதற்கும் வரவேண்டும்.

அதெல்லாம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. உதவித்தொகைப் படிவத்தை வகுப்பில் சத்தம்போட்டு வாசிக்காமல் இருக்கலாம். துடைப்பம் எல்லார் கைக்கும் முறைவைத்து வருவதையும், முதல் முறை ஆசிரியருடையதாக இருப்பதையும் பார்த்துக்கொள்ளலாம். சத்துணவுக் கூடத்தில் யார் சமைத்தாலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். ஒரு பிள்ளை "என்னைச் சாதிப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க" என்று வந்து நின்றால், "சரி, போய் உட்காரு" என்று அனுப்பாமல் அந்த நிமிடமே பாடத்தை நிறுத்தலாம். நிறுத்திய பாடத்தை மறுநாள் நடத்திக்கொள்ளலாம். நாங்குநேரி மாணவரும் இப்படித்தான் முதலில் பள்ளியில் வந்து சொன்னார்.