நாலு கோடும் கொஞ்சம் எண்களும்

"எண்ணைப் பார்த்து விரல் வைக்கிறது கூலி வேலை தோழர், அது சங்கீதம் ஆகாது." நான் பேஸ் கிட்டாரில் பங்க் ராக் பாட்டுகள் பழகுவதைக் கேள்விப்பட்ட ஓர் இலக்கிய நண்பர் சொன்னது இது. கூலி வேலை என்பதை வசவாக உச்சரிக்கிற வாய் எந்த வாய் என்று நமக்குத் தெரியும். அதை விடுவோம். சங்கீதம் ஆகாது என்கிறாரே, அதைப் பேசுவோம்.

அவர் இளக்காரம் பண்ணுவது டேப்லேச்சர் என்கிற எழுத்து முறையை. வாசிப்பவர்கள் டேப் என்பார்கள். பேஸுக்கு நாலு தந்தி, டேபில் நாலு கோடு. மேல்கோடு மெலிந்த ஜி தந்தி, அடிக்கோடு தடித்த ஈ தந்தி. கோட்டின் மேலுள்ள எண், எத்தனையாவது ஃப்ரெட்டில் விரல் வைப்பது என்று சொல்லும். 0 என்றால் விரல் வைக்காமல் வெறுந்தந்தியை மீட்டணும். அவ்வளவுதான். ராமோன்ஸ் குழுவின் 'பிளிட்ஸ்கிரீக் பாப்' (1976) பாட்டில் பெரும்பகுதிக்கு ஈ தந்தியில் 5, ஏ தந்தியில் 5, 7, இந்த மூணு இடம் போதும். ஒரே சாயங்காலத்தில் இடம் பிடிபட்டுவிடும். டீ டீ ராமோன் மாதிரி எல்லா அடியையும் மேலிருந்து கீழாகவே, அதே வேகத்தில், விடாமல் அடிக்கத்தான் மாசக்கணக்காகிறது. மணிக்கட்டு கழன்றுபோகும். அதை எந்த டேபும் செய்து தராது. ஒரு சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்கணும் என்பதைப் பெரும்பாலான டேப்கள் எழுதுவதே இல்லை. பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் உண்டு. காதில்லாதவனின் குறுக்குவழி என்கிறவர்கள் ஒருநாள் உட்கார்ந்து வாசித்துப் பார்க்கட்டும்.

இது நேற்று முளைத்த முறையுமில்லை. வெனிஸில் 1507இல் பெத்ரூச்சி லூட் இசையை அச்சிட்டது டேபில்தான். பிரபுக்களின் மாளிகையில் இருந்தவரை அது கலை. தெருப்பையன் கைக்கு வந்ததும் கூலி வேலையாகிவிட்டதா? நம்ம தெருவில் பறையடி பழகினவர்கள் ஏட்டைப் பார்த்தா பழகினார்கள்? வாயால் சொன்னதைக் காதால் வாங்கிக் கையில் ஏற்றினார்கள். அதைச் சத்தம் என்று ஒதுக்கின அதே மேட்டிமைதான் பங்கையும் சத்தம் என்கிறது.

'சைட்பர்ன்ஸ்' என்கிற பங்க் கைப்பத்திரிகை மூணு கார்டுகளுக்கு விரல் வைக்கும் இடத்தைப் படமாகப் போட்டு, போய்க் குழு தொடங்கு என்றது. கிளாஷ் குழுவின் பால் சிமனன் பேஸின் கழுத்திலேயே சுரங்களின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு வாசித்தவர். 'உன் குரு யார்?' என்கிற கேள்வி இல்லாமல் ஒருவன் மேடையேறியதுதான் நம்ம பண்டிதர்களுக்கு எரிகிறது. குரு யார் என்பது நம்ம ஊரில் என்ன கேள்வி என்று உங்களுக்குச் சொல்லணுமா?

ஆனால் டேபையும் நான் புனிதப்படுத்த மாட்டேன். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 'டெத்' என்றொரு குழு. ஹாக்னி சகோதரர்கள் மூவர், கறுப்பர்கள். பாபி ஹாக்னிதான் பேஸும் பாட்டும். ராமோன்ஸின் முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே, 1975இல் பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டார்கள். குழுவின் பெயரை மாற்றச் சொன்னது பெரிய நிறுவனம், மாட்டோம் என்றார்கள். கதை முடிந்தது. 1976இல் தாங்களே 500 இசைத்தட்டு போட்டார்கள். மிச்சப் பாட்டுகள் ஆல்பமாக வந்தது 2009இல். பங்க் என்றாலே வெள்ளைக்காரப் பையன்களின் கோபம் என்று எழுதிக்கொண்டிருந்த வருஷங்களில் இந்தப் பாட்டுகள் பெட்டியில் கிடந்தன. டேப் என்பது கேட்டவன் எழுதுவது. வெளியே வராத பாட்டுக்கு யார் டேப் எழுதுவார்கள்? அந்த 34 வருஷத்தில் பேஸ் பழகின பிள்ளைகளின் விரலுக்குப் பாபி ஹாக்னி போய்ச் சேரவே இல்லை.

அதனால் இப்போது யாரோ எழுதினதைத் தேடாமல், அந்தக் குழுவின் 'பாலிடிஷியன்ஸ் இன் மை ஐஸ்' பாட்டின் பேஸை நானே கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு கோடு, பென்சில், ஒரு ரப்பர். ரெண்டு இடத்தில் கிட்டார் மேலே ஏறி பேஸை மூடிவிடுகிறது. காது நல்லா இருக்கிற தோழர்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் சேர்ந்து உட்காரலாம்.