குளிரில் ‘செல்ப்’ எடுக்காத டிராக்டர்



கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த உதகையில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். தலைகுந்தா, காந்தல் போன்ற பகுதிகளில் விடியற்காலை வெப்பநிலை பூஜ்ய டிகிரியை நெருங்கிவிடுவதுண்டு. சுபுஹுத் தொழுகையை முடித்து வந்து டிராக்டரின் சாவியைத் திருப்பினால், ‘டக்’கென்ற ஒலியோடு அது அடங்கிவிடும். காரட் மூட்டைகளுக்காக மேட்டுப்பாளையம் லாரி காத்துக்கொண்டிருக்கும். உடனே, “ஸ்டார்ட்டர் போய்விட்டது” என்று முடிவு கட்டி அதைக் கழற்றிவிடாதீர்கள். பல சமயங்களில் குற்றவாளி ஸ்டார்ட்டர் அன்று, குளிரே.

பாட்டரிக்குள் நடப்பது ரசாயன மாற்றம். குளிரில் அது மந்தமாகிறது. உறைநிலையை ஒட்டிய குளிரில், பாட்டரியின் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதே வேளையில் என்ஜின் ஆயில் பாகுபோல் கெட்டிப்பட்டு, என்ஜினைச் சுழற்ற அதிக பலம் தேவைப்படுகிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலைதான் அதற்கும். சமவெளியில் ஒப்பேற்றிய பழைய பாட்டரி, மலையில் முதல் பனியிலேயே கைவிரித்துவிடுவது இதனால்தான்.

இனி, கருவி ஏதுமின்றிக் குறையைக் கண்டறியும் வழியைக் கூறுகிறோம். முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

விளக்கு அணையுமளவு மங்கினால், பாட்டரி தளர்ந்திருக்கிறது. அல்லது அதன் முனைகளில் பூத்த வெண்பச்சை உப்பு மின்சாரத்தைத் தடுக்கிறது. நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த நீரால் முனைகளைக் கழுவித் துடைத்து, இறுக்கிப் பூட்டி, மேலே வாசலின் தடவுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் ஒயர் கடைசி. சோடா நீர் பாட்டரிக்குள் இறங்கிவிடலாகாது. எர்த் ஒயர் என்ஜினோடு சேருமிடத்தையும் பாருங்கள்.

விளக்கு பிரகாசமாகவே எரிந்து, ஒலியே எழாவிட்டால், மின்சாரம் ஸ்டார்ட்டரை எட்டவில்லை. கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கிளட்ச் முழுதும் மிதிபட்டதா என்று பாருங்கள். பிறகு சாவி சுவிட்சும் சாலினாய்டும்.

ஸ்டார்ட்டர் மட்டும் ‘விர்’ரென்று சுற்றி, என்ஜின் அசையாவிட்டால், பெண்டிக்ஸ் பல்சக்கரம் பிடிக்கவில்லை. அழுக்கோடு உறைந்த கிரீஸே பெரும்பாலும் காரணம். இதுவும் முந்தியதும் எலக்ட்ரீஷியனின் வேலை.

என்ஜின் வேகமாகச் சுழன்றும் பற்றாவிட்டால், ஸ்டார்ட்டரை மறந்துவிட்டு டீசல் பில்டரையும், குழாயில் புகுந்த காற்றையும், முன்சூடாக்கி இருப்பின் அதையும் கவனியுங்கள்.

ஒரு தடவைக்குப் பத்து வினாடிகளுக்கு மேல் சாவியைப் பிடிக்காதீர்கள். அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். இல்லையெனில் நல்ல ஸ்டார்ட்டரும் கருகிவிடும். நியூட்ரலிலும் கிளட்சை மிதித்தே கிளப்புங்கள். கியர் பெட்டியின் கெட்டியான எண்ணெயைச் சுழற்றும் சுமை குறையும். இரவில் பாட்டரியைக் கழற்றி, அடுப்பருகே வைக்காமல், வீட்டினுள் வையுங்கள். தோட்டத்துக்குள்ளேயே குறுகிய நடைகள் ஓடும் வண்டியின் பாட்டரி முழுமையாகச் சார்ஜ் ஏறுவதில்லை; மாதம் ஒரு முறை சார்ஜ் செய்வது நல்லது. ஆயில் வாங்கும்போது, கையேடு அனுமதிக்கும் வகைகளுள் ‘டபிள்யூ’ எழுத்துக்கு முந்திய எண் சிறியதைத் தேர்ந்தெடுங்கள். அந்த எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் எளிதாக ஓடும்.

இறுதியாக, உயிரோடு தொடர்புடைய மூன்று எச்சரிக்கைகள். சாவி வேலை செய்யாதபோது, கீழே நின்றுகொண்டு ஸ்குரூ டிரைவரால் ஸ்டார்ட்டர் முனைகளை இணைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. கியர் விழுந்திருந்தால் வண்டி கிளம்பிய கணமே பின்சக்கரம் நிற்பவர்மீது ஏறிவிடும். பாரமேற்றிய டிரெய்லரோடு சரிவில் உருட்டிக் கிளப்புவதும் அத்தகையதே; என்ஜின் பிடிக்காவிட்டால் பிரேக் மட்டும் அந்தப் பாரத்தைத் தாங்காது. என்ஜினுக்கடியில் தணல் வைத்துச் சூடேற்றுவது தீவிபத்தை அழைப்பது. மூடிய கொட்டகையில் தணலும் என்ஜின் புகையும் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு, வாசனையேதுமின்றி ஆளைக் கொல்லும்.

லாரி போய்விட்டால் நாளை மற்றொன்று வரும். வீட்டுத் தலைவர் போய்விட்டால் அந்தக் குடும்பத்திற்கு யார் வருவார்? சகோதரிகளே, அவசரப்படும் கணவரிடமும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.