நமக்கெதுக்குங்க அதெல்லாம்?

சொந்த சர்வர், ஓபன் சோர்ஸ் மென்பொருள், தகவல் பாதுகாப்பு என்று பேச்சு எடுத்தால் அந்தியூர்ப் பக்கம் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: அதெல்லாம் பெங்களூரில் வேலை பார்க்கிறவர்களின் பொழுதுபோக்கு, நமக்குக் கூகுளும் வாட்ஸ்அப்பும் போதும். இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் ஐந்து. அவற்றில் நான்கு நிற்காது. ஐந்தாவதில் பாதி உண்மை உண்டு. அதையும் சேர்த்தே பார்ப்போம்.

1. “ஒளிக்கறதுக்கு நம்மகிட்ட என்னங்க இருக்குது?”

ஆடித் தேர்த்திருவிழாவின்போது அந்தியூர் குருநாதசாமி கோயிலையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்கள் இப்படிக் கேட்கக் கூடாது. நம் சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது வழக்கம். அதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை. பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரிந்துவிட்டால் அடுத்த பேரம் கெட்டுப்போகும், அவ்வளவுதான். தப்புச் செய்தவர் மட்டுமே மறைப்பார் என்பது சந்தைக்கே தெரியாத நியாயம்.

இன்றைக்குக் கடையின் கொள்முதல் விலை, யாருக்கு எவ்வளவு கடன், வீட்டில் யாருக்கு என்ன வைத்தியம், பெண்ணுக்கு எங்கே இடம் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் போனில் இருக்கிறது. இதை யார் விலைக்கு வாங்குவார்கள் என்று கேட்பவர்கள் 2024 செப்டம்பரை நினைத்துக்கொள்ளலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் 3.1 கோடி வாடிக்கையாளர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி ஒரு ஹேக்கர் டெலிகிராமில் கடை விரித்தார். மருத்துவ அறிக்கைகளும் அதில் வெளிவந்தன. அந்தக் கசிவை யாருடைய வீட்டு சர்வரும் தடுத்திருக்காது என்பது சரி. ஆனால் நம் சாதாரண விவரங்களுக்கும் சந்தை உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்ன தீர்ப்பும் மறைக்க ஏதாவது வைத்திருப்பவர்களுக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல.

2. “ஓசியில குடுக்கறப்போ எதுக்குக் காசு செலவு பண்ணோணும்?”

ஓசி எவ்வளவு நாளைக்கு என்பதுதான் கேள்வி. கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவச இடத்தை 2021 ஜூன் 1 முதல் நிறுத்தியது. மெயில், டிரைவ், படங்கள் எல்லாம் சேர்த்து 15 ஜிபி. ஆண்ட்ராய்டு போனில் எடுக்கும் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது. இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடந்த கணக்கை நீக்கவும் கூகுளின் விதி இடம் தருகிறது. காலமான அப்பாவின் போன் படங்கள் எந்தக் கணக்கில் இருக்கின்றன என்று தெரியாத வீடுகளுக்கு இது சின்ன விஷயமல்ல.

பணத்தை விடப் பெரிய சிக்கல், கதவின் சாவி யார் கையில் என்பது. குஜராத்தில் ஒரு பொறியாளர் தன் சிறு வயதுப் படத்தை டிரைவில் ஏற்றினார். பாட்டி அவரைக் குளிப்பாட்டும் படம். குழந்தைகள் தொடர்பான ஆபாசம் என்று கருதி கூகுள் கணக்கையே முடக்கியது. தொழில் மெயிலும் அதோடு போனது. 2024இல் அவர் உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று. ஓசியில் வாங்கியதால்தான் இப்படி, காசு கட்டினால் நடக்காது என்றும் நினைக்க வேண்டாம். உரிமத் தொகை கட்டியிருந்த நயாரா எனர்ஜிக்கு ஐரோப்பிய ஒன்றியத் தடையைக் காரணம் காட்டி 2025 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. இந்தியாவில் எண்ணெய் சுத்திகரிக்கும் நிறுவனம், தன் சொந்த மெயிலைத் திறக்க டெல்லி உயர் நீதிமன்றம் போனது. பிறகுதான் சேவை திரும்பியது. அவர்களிடம் வக்கீல் இருந்தார். நம்மில் எத்தனை பேருக்கு அது ஆகும்?

3. “உள்ள இருக்கறத எல்லாரும் பாக்கலாம்னா, திருடனும் பாப்பான்ல?”

ஓபன் சோர்ஸ் என்றால் மென்பொருளின் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அதனால் வரும் பயம் இது. திருடன் பார்ப்பான், காவல்காரனும் பார்ப்பான். 2024 மார்ச்சில், லினக்ஸ் என்ற ஓபன் சோர்ஸ் இயங்குதளத்தில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருந்தது அம்பலமானது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். தன் கணினியில் லாகின் செய்வது வழக்கத்தை விட அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, நிரலைத் தோண்டிப் போய்ப் பிடித்தார். மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் தாமதத்தைக் கவனித்திருக்கலாம். உள்ளே போய்ப் பார்த்திருக்க முடியாது.

திறந்திருப்பதாலேயே எல்லாம் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2014இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டை இரண்டு ஆண்டுகள் திறந்த நிரலிலேயே யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. ஆனால் இந்தப் பயத்துக்காக விலகி நிற்பவர் ஒன்றை யோசிக்க வேண்டும்: அவர் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே லினக்ஸ் கெர்னல் மேல்தான் ஓடுகிறது. வாட்ஸ்அப் செய்திகளைப் பூட்டும் முறைகூட சிக்னல் செயலியின் குழு உருவாக்கித் திறந்து வைத்ததுதான்.

4. “இதெல்லாம் இன்ஜினியருங்களுக்குங்க”

தமிழ்நாட்டு வரலாறு இதற்கு எதிராக இருக்கிறது. 2006–07 வாக்கில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கர் தலைமையில் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் வந்தது. அப்படியானால் ஏன் நிலைக்கவில்லை? பாடம் அதில் நடக்கவில்லை. டிடிபி கடையிலும் ஆடிட்டர் அலுவலகத்திலும் அது இல்லை. கேரளத்தில் பாடத்தையே லினக்ஸில் அமைத்தார்கள். ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சி தந்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகள் அங்கே அதில் ஓடின. மலையாளக் குழந்தைக்கு வந்தது கொங்குக் குழந்தைக்கு வராதா? குறை கற்பவரிடம் இல்லை. கற்பிக்க ஆள் வைக்காததில் இருக்கிறது.

மொழியும் தடையல்ல. ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆபீஸும் தமிழிலேயே கிடைக்கின்றன. ‘கணியம்’ இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் குழு கிராமப்புற மாணவர்களைக் கூட்டிவைத்துச் சொல்லித் தருகிறது. விழுப்புரம் ஒன்றும் பெங்களூர் அல்ல.

5. “ஊட்ல சர்வர் வெக்கறது ஆவற காரியமுங்களா?”

பாதி உண்மை இங்கேதான். மின்சாரம் போகும். பல இணைய நிறுவனங்கள் நம் வீட்டுக்குத் தனி இணைய முகவரி தராமல் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைக்கின்றன. அதனால் வெளியிலிருந்து வீட்டுக் கணினியைத் தொட முடியாது. வட்டு பழுதானால் பேரன் பிறந்த நாள் படமெல்லாம் போய்விடும். சொந்தமாக மெயில் சர்வர் வைத்தால் அனுப்பும் மெயில் பாதி ஸ்பேமில் விழும். அதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் இந்த வாதம் ஒன்றை மறைக்கிறது. பெரும்பாலான காரியத்துக்கு சர்வரே தேவையில்லை. குடும்பத்துக்குள் பேச சிக்னல், கடவுச்சொல்லுக்கு பிட்வார்டன், போனிலிருந்து கணினிக்குப் படங்களை நகலெடுக்க சிங்க்திங் போதும். வாட்ஸ்அப்பை விட முடியாதவர்கள் பேக்கப்பைப் பூட்டும் வசதியையாவது அமைப்புகளில் போய் இயக்கலாம். 2021 முதல் இருக்கிறது, தானாக இயங்காது.

அதற்கு மேல் வேண்டுவோருக்குப் பழைய மடிக்கணினி ஒன்று போதும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகள் வீட்டுக்கு வீடு மூலையில் கிடக்கின்றன. அப்படி ஒன்றில் லினக்ஸ் போட்டு, படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட் ஏற்றலாம். அதன் பேட்டரி நன்றாக இருந்தால் கொஞ்ச நேர மின்வெட்டைத் தாங்கும். 15 வாட் எடுத்தால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 22 யூனிட்தான் ஆகும். தனி முகவரி இல்லாத சிக்கலை வயர்கார்டு என்ற பாதுகாப்பான இணைப்பு முறையில் இயங்கும் டெயில்ஸ்கேல் மென்பொருள் தீர்த்துவிடும். மூன்று நகல், அதில் ஒன்று வேறு ஊரில் என்ற கட்டுப்பாட்டை மட்டும் விடக் கூடாது. ஈரோட்டில் இருக்கும் தங்கை வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் வைத்தால் ஆயிற்று.

இதையும் ஒவ்வொருவரும் செய்ய வேண்டியதில்லை. மோட்டார் ரீவைண்டிங் எல்லாருக்கும் தெரியாது. தெரிந்தவரிடம் கொடுக்கிறோம், கூலி கொடுக்கிறோம். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை அந்தியூரிலும் உண்டு, பவானியிலும் கோபியிலும் உண்டு. இன்று அங்கே நாம் கேட்பது விண்டோஸ் போட்டுத் தரச் சொல்லித்தான். லினக்ஸ் போடுங்கள், குடும்பப் படங்களுக்கு இம்மிச் அமையுங்கள், மாதம் ஒரு முறை பேக்கப்பைச் சரிபாருங்கள், கூலி தருகிறோம் என்று பத்து வாடிக்கையாளர்கள் கேட்டால் கடைக்காரர் தானே கற்றுக்கொள்வார். இந்த மென்பொருள்களுக்கு உரிமத் தொகை இல்லை. நாம் கொடுக்கும் காசு அவருடைய உழைப்புக்குப் போகும். தகவலும் ஊரில் இருக்கும், கூலியும் ஊரில் இருக்கும். இதைத்தான் நமக்கெதுக்கு என்கிறோம்.