தகடு பொய் சொல்லுமா?

சென்ற தவணையில் மாணவனொருவன் வாடிய முகத்துடன் எம்மிடம் வந்தான். அவன் வாங்கிய சிறு நிலைமாற்றியின் தகட்டில் 12 வோல்ற்று, 1 அம்பியர் என்றிருந்தது. வோல்ற்றுமானியோ 13.8 காட்டியது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரென்று தந்தையார் நியாயங் கேட்கப் புறப்படுகிறாராம்.

"சற்றுப் பொறு, தம்பி" என்று கூறி, 12 உவாற்றுக்கு மேல் தாங்கவல்ல 12 ஓம் தடையொன்றைத் துணைச்சுருளுடன் இணைத்தோம். மானியின் முள் இறங்கி 12 இல் நின்றது. அவன் வியந்தான்; நாம் நாணினோம். சுற்றுக்களின் விகிதமே வோல்ற்றளவுகளின் விகிதம் என்று கரும்பலகையில் எழுதி, அத்துடன் பாடத்தை முடித்தவர் நாமல்லவா?

அவ்விதி சுமையற்ற நிலைக்கே நன்கு பொருந்தும். சுமையை இணைத்து மின்னோட்டம் பாயத் தொடங்கியதும், செப்புக் கம்பியின் தடையில் வோல்ற்றளவிற் சிறிது செலவாகிறது. ஒரு சுருளின் காந்தக் கோடுகளுட் சில மற்றைச் சுருளைச் சேராது சிதறுவதாலும் சிறிது குறைகிறது.

இக்குறைவை அளப்பது எவ்வாறு? சுமையின்றி 13.8, முழுச்சுமையில் 12, வித்தியாசம் 1.8. இதனை 12 ஆல் வகுத்து நூறாற் பெருக்கினால் 15 வரும். இதுவே வோல்ற்றளவு ஒழுங்காக்கம் நூற்றுக்கு 15 என்பது. பெயர் ஒழுங்காக்கமாயினும், எண் பெருகப் பெருக ஒழுங்கு குறையும் என்பதை மறவற்க.

மெல்லிய கம்பி சுற்றிய சிறு நிலைமாற்றிகளில் இவ்வெண் பெரிது. ஊருக்கு மின் வழங்கும் பெரியவற்றிலோ நூற்றுக்குச் சிலவே. எனினும் பெரிய எண் எப்போதும் குற்றமன்று. அழைப்புமணிக்குரிய நிலைமாற்றியின் கம்பிகள் தவறுதலாக ஒன்றோடொன்று தொட்டுவிட்டால், மின்னோட்டம் மிகையாகாது காப்பதும் இவ்வியல்பே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. அம்மாணவனின் நிலைமாற்றியில், அம்பியரிற் பத்திலொரு பங்கே கொள்ளும் 12 வோல்ற்று மின்குமிழைத் தனியே இணைத்தால், அது ஏறத்தாழ 13.6 வோல்ற்றைப் பெறும். அதன் ஆயுள் குறுகும்.

தந்தையாரின் பயணம் நின்றது; கடைக்காரரும் வீண்பழிக்குத் தப்பினார். மாணவர்களே, தகட்டில் எழுதியிருப்பது யாது என்பதோடு நில்லாது, எந்நிலைக்கு எழுதியது என்றும் வினவுங்கள்.