கற்கும் நாட்களுக்குக் கூலி யார் தருவது?

தொழில்நுட்பம் யார் வேலையையும் பறிப்பதில்லை, கற்க மறுப்பவர்தான் இழக்கிறார் என்கிறார்கள். ஓசூரைக் காட்டியே இதைச் சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தர் என மின்ஸ்கூட்டர் ஆலைகள் வந்தது உண்மை. ஆனால் மின்ஸ்கூட்டரில் பிஸ்டன் இல்லை, கிராங்க் ஷாஃப்ட் இல்லை, கிளட்ச் இல்லை. இப்படிப்பட்ட உதிரிபாகங்களைக் கடைந்து கொடுத்துத்தான் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய சிறு பட்டறைகள் பிழைத்துவந்தன. அங்கே இருபது வருடம் லேத் பிடித்தவருக்குப் புதிய ஆலையின் கதவு திறக்குமா? 2021இல் ஓலா, தன் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என அறிவித்தது. அந்தப் பெண்களுக்கு வேலை கிடைத்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. அதைக் காட்டி லேத்காரரின் இழப்பை மறைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

பயிற்சி இருக்கிறதே என்பார்கள். 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம் முதன்மையாக மாணவர்களுக்கானது. அதே அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை மேம்படுத்தியது நல்ல காரியம். அங்கும் சேர்பவர்கள் பெரும்பாலும் பள்ளி முடித்த பிள்ளைகள்.

தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2020, ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மறுதிறன் நிதியாக 15 நாள் ஊதியம் தரச் சொல்கிறது. பதினைந்து நாளில் யார் சிஎன்சி புரோகிராமிங் கற்றுத் தேறுவார்? குறித்தகால ஒப்பந்தம் முடிந்து வெளியேறுபவருக்கு அதுவும் இல்லை. சட்டப்படி அந்த வெளியேற்றம் ஆட்குறைப்பே அல்ல.

ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ற வகுப்பு, படிக்கும் மாதங்களுக்கு உதவித்தொகை, ஆளெடுப்பில் வயதுத் தளர்வு. இவற்றைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், ஏன் கற்கவில்லை என்று.