பழைய ரேடியோவைச் சுரண்டாதீர்கள்

என் பழைய மாணவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

இந்த வாரம் குடும்பக் குழுவில் தாத்தா காலத்து மர்ஃபி ரேடியோ ஒன்றின் படம் வந்தது. 'முன்' என்று ஒரு படம், 'பின்' என்று ஒரு படம். பின்னதில் பெட்டி கல்யாண மண்டபத்துக் கதவு மாதிரிப் பளபளக்கிறது. எல்லோரும் இதயம் போட்டிருக்கிறீர்கள். நான் போடவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு இது.

வால்வு ரேடியோப் பெட்டி பெரும்பாலும் முழு மரம் இல்லை. உள்ளே பிளைவுட், மேலே வால்நட் போன்ற நல்ல மரத்தின் மெல்லிய ஏடு, வெனீர். பல பெட்டிகளில் அது ஒரு மில்லிமீட்டர் கூடத் தேறாது. அதன்மேல் சாண்டிங் மெஷினை ஓட்டினால் மூலைகளில் வெளுத்த பிளைவுட் பல்லைக் காட்டும். அதை மறைக்கத்தான் காப்பிப்பொடி நிறச் சாயம், அதற்குமேல் பி.யூ. பூச்சு. இதற்குப் பெயர் புதுப்பிப்பதா?

இன்னொன்று. விளிம்பில் இருக்கும் அடர்ந்த நிறம் பல பெட்டிகளில் மரத்தின் நிறமே அல்ல, பூச்சில் கலந்து அடித்தது. சுரண்டினால் அந்த வேலைப்பாடும் போச்சு. 1930களில் மர்ஃபி கம்பெனி தன் பெட்டிகளை வடிவமைக்க ஆர். டி. ரஸ்ஸல் என்ற மரச்சாமான் வடிவமைப்பாளரையே அமர்த்தியது. அவ்வளவு யோசித்துச் செய்த பொருள் ஐயா இது!

"ஒரே அழுக்கு சார்" என்கிறீர்கள். இருக்கும்தான். சாம்பிராணிப் புகை, அடுப்புப் புகை, எண்ணெய்க் கை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டர்பன்டைனில் லேசாக நனைத்த துணியால் துடையுங்கள். பாதிப் பெட்டிகளுக்கு அதுவே போதும். (டயல் கண்ணாடியின் உட்பக்கத்தை மட்டும் தொடாதீர்கள். கொழும்பும் டெல்லியும் துணியோடு வந்துவிடும்.)

பூச்சே பாழாகியிருந்தால்? கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். அரக்கின் அருமை என்னவென்றால், ஸ்பிரிட்டில் கரைத்த புது அரக்கைத் துணிக்குள் பஞ்சு வைத்துத் தேய்க்கும்போது அது பழைய பூச்சோடு கரைந்து ஒன்றாகிவிடும். சுரண்டவே வேண்டாம். நாற்பது வருஷம் கழித்து உங்கள் பேரன் அதையே மறுபடி செய்யலாம். பி.யூ. அப்படி அல்ல. ஒருமுறை இறுகிவிட்டால் ஸ்பிரிட்டுக்கும் தின்னருக்கும் மசியாது. அவன் சுரண்டித்தான் ஆகவேண்டும், அதற்கு அப்போது வெனீர் மிச்சம் இருக்காது.

வெனீர் உப்பியிருந்தால் உரித்து எறியாதீர்கள். பழைய வச்சிரப் பசையாக இருந்தால், ஈரத்துணி போட்டு இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினால் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

பெட்டியைக் குடைந்து ப்ளூடூத் ஸ்பீக்கர் வைப்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

கை பாலிஷ் தெரிந்த வயதான ஆசாரி உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். இரண்டு நாள் கூலி கேட்பார், பேரம் பேசாமல் கொடுங்கள். இன்னும் பெட்டியில் கை வைக்காதவர்கள் முதலில் எனக்குப் போன் போடுங்கள். அரக்கு என்னிடம் அரைக் கிலோ இருக்கிறது. டப்பா மட்டும் கொண்டுவாருங்கள்.