பவளத்தை க்ளோசப்ல எடுக்கணுமா? பாடியை அப்புறம் பார்க்கலாம், முதல்ல லென்ஸ்!

'ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். வீட்டில் மூன்றடி கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். பவளங்களை நெருக்கமாகப் படம் எடுக்க ஆசை. இதுவரை கேமரா வாங்கியதில்லை. எதை வாங்கலாம்?' இந்த வார இன்பாக்ஸில் வந்த கேள்வி இது.

கடலே இல்லாத ஓசூரில் பவளமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல். பவளத் தொட்டியின் தண்ணீர் 25, 26 டிகிரியிலேயே நிற்க வேண்டும். சென்னையில் அதற்குச் சில்லர் ஓடிக்கொண்டே இருக்கும், கரன்ட் பில்லும் கூடவே ஓடும். கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் அந்தத் தலைவலி குறைவு. ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புப் பொடியைக் கலந்தால் கடல் ரெடி!

கேள்விக்கு வருவோம். 'நல்ல போன் இருந்தால் போதாதா?' என்று முதலில் தோன்றும். ஓசூர் பக்கத்திலேயே டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனுக்கான பாகங்கள் தயாராகின்றன. 2021-ல் வந்த ஐபோன் 13 ப்ரோவிலேயே 2 செ.மீ. நெருக்கத்தில் படம் எடுக்கும் வசதி வந்துவிட்டது. இலையில் உட்கார்ந்த எறும்புக்கு அது சூப்பர். ஆனால் பவளம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. ஒரு சாண் உள்ளே, பாறை மேல் இருக்கும். அந்த 2 செ.மீ.யில் பாதியைக் கண்ணாடியே சாப்பிட்டுவிடும்.

அதனால்தான் லென்ஸ் முதலில். கடையில் 'மேக்ரோ' என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 1:1 இருக்கிறதா என்று கேளுங்கள். கேனனின் ஆர்.எஃப். 35 எம்.எம். மேக்ரோ லென்ஸில் பாதி அளவுதான் வரும். 1:1 என்றால், சாதாரண ஏ.பி.எஸ்.-சி சென்சார் கேமராவில் சுமார் 22 மி.மீ. அகலமுள்ள இடம் படம் முழுக்க நிறையும். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தூரம். நிக்கானின் 40 எம்.எம். மைக்ரோ லென்ஸ் நல்ல லென்ஸ்தான், 1:1-ம் தரும். ஆனால் அதற்குப் பவளம் லென்ஸின் மூக்குக்கு முன்னால் நாலு விரல்கடை தூரத்துக்குள் இருக்க வேண்டும். பூவுக்குச் சரி, தொட்டிக்குச் சரிவராது. கேனனின் பழைய ஈ.எஃப். 100 எம்.எம். மேக்ரோவில் சுமார் 15 செ.மீ. இடைவெளி கிடைக்கும். தொட்டிக்கு வெளியே நின்றபடியே எடுக்கலாம். என் ஓட்டு இதற்குத்தான். செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

பாடி? திருப்பிப் பார்க்கும் ஸ்க்ரீன் உள்ள எதுவும் போதும். தொட்டியின் அடிப்பகுதியை எடுக்கும்போது தரையில் படுக்க வேண்டியிருக்காது. பழைய 200டி போதும், புதிதாகத்தான் வேண்டும் என்றால் ஆர்50, கூடவே ஈ.எஃப். அடாப்டர். நிக்கான் டி5600 வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் பாடியில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. சில பழைய லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். இவ்வளவு நெருக்கத்தில் எப்படியும் கையால்தான் செய்வீர்கள் என்பது வேறு விஷயம்.

லென்ஸ் மாற்றும் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு டஃப் டிஜி-6, டிஜி-7. லென்ஸிலிருந்து 1 செ.மீ. வரை நெருங்கும், தண்ணீருக்குள்ளேயே இறக்கலாம். இறக்கும் முன்பும், எடுத்த பின்பும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

கேமரா வாங்கும் முன் இதையும் படியுங்கள். கல் போன்ற கூடு கட்டும் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. கடல் விசிறியும் அந்தப் பட்டியலில் உண்டு. மீறினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 117 வகைக் கல் பவளங்கள் பதிவாகியுள்ளன. ஒரு காலத்தில் அவற்றைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்தார்கள். 2010-லும் 2016-லும் கடல் சூடாகி அங்கே பவளங்கள் வெளுத்தன. மிச்சம் இருப்பதுதான் இப்போது நம் கையில்.

'பெங்களூருவில் வாங்கியதுதானே' என்பது பதில் ஆகாது. இது மத்தியச் சட்டம், அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டினால் மாறாது. 'வெளிநாட்டுச் சரக்கு' என்று கடைக்காரர் சொன்னால் பில்லும் இறக்குமதி ஆவணமும் கேளுங்கள், தயங்கினால் வாங்காதீர்கள். மஷ்ரூம், லெதர், சோவாந்திட் போன்ற மென்மையான வகைகள் அந்த முதல் அட்டவணைப் பட்டியலில் இல்லை. ஆனால் அவற்றுக்கும் பில் முக்கியம். நீங்கள் போடும் க்ளோசப் படத்திலேயே பவளம் என்ன வகை என்று தெரிந்துவிடும், மறைக்க முடியாது. கல் பவளத்தைத்தான் எடுக்க வேண்டும் என்றால் கடல்நீர்த் தொட்டி உள்ள பொது அக்வேரியத்தில் அனுமதி கேட்டு எடுக்கலாம். அங்கே தொட்டி ஆழம் அதிகம், 100 எம்.எம். அங்கும் கைகொடுக்கும்.

இனி வெளிச்சம். இந்தத் தொட்டிகளின் எல்.இ.டி. முழுக்க நீலம். பவளத்தில் இருக்கும் புரதங்கள் நீலத்தை வாங்கிப் பச்சையாக, ஆரஞ்சாகத் திருப்பித் தருகின்றன. கண்ணுக்கு அற்புதம், கேமராவுக்கு வெறும் நீலக் குழம்பு! பெரும்பாலான கேமராக்களில் வொயிட் பேலன்ஸ் 10,000 கெல்வினோடு நின்றுவிடும், தொட்டி விளக்கு அதையும் தாண்டும். லென்ஸ் முன் ஒரு ஆரஞ்சு ஃபில்டர் போடுங்கள், ஜேபெக் வேண்டாம், ரா ஃபைலில் எடுங்கள். அல்லது பத்து நிமிடம் விளக்கில் வெள்ளையைக் கூட்டி வையுங்கள்.

கண்ணாடிக்கு நேராக நில்லுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் ஓரங்களில் வண்ணம் பிசிறும். அறை விளக்கை அணைத்துவிடுங்கள், கறுப்புச் சட்டை போடுங்கள். இல்லையென்றால் பவளத்தின் நடுவில் உங்கள் முகம்தான் தெரியும்! டிரைபாட், எஃப் 8 அல்லது 11. பம்ப்பை அணைத்து, தண்ணீர் அடங்கியதும் கிளிக் செய்யுங்கள். முடித்ததும் பம்ப்பை மறக்காமல் ஆன் செய்துவிட்டு அப்புறம் போட்டோவைப் பாருங்கள்.